அவர் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கு?

(கட்சியின் சுற்றுச்சூழல் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பூமி சூடாகுதுன்னு சொல்றதெல்லாம் சும்மா பூச்சாண்டி" என்று ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அனுப்பிய பெரியப்பாவுக்கு அதில் பத்து பைசா லாபம் கிடையாது. ஆனால் இந்தப் பேச்சைப் பெரிய இடங்களில் பேசுகிறவர்கள் எல்லாரும் பெரியப்பா மாதிரி இல்லை. அதைப் புரிஞ்சுக்க இன்னைக்கு உங்களை இங்கிலாந்தின் வடகோடிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

நார்தம்பர்லாந்து மாவட்டம், பிளாக்டன் பண்ணை. ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டிலிருந்து ரிட்லி குடும்பத்தின் சொத்து. இன்றைய வாரிசு மேட் ரிட்லி, ஐந்தாவது வைகவுண்ட். ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், நல்ல எழுத்தாளர், 'தி டைம்ஸ்' பத்திரிகையில் பத்தி எழுதியவர். 2013 முதல் 2021 வரை பிரபுக்கள் சபையில் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர். எந்தத் தேர்தலில் ஜெயிச்சார்னு கேட்பீங்க. பரம்பரைப் பிரபுக்களுக்கு மட்டுமான இடைத்தேர்தலில். அந்த மாவட்டத்து உழவரோ தொழிலாளியோ அவருக்கு ஒரு ஓட்டுகூடப் போடவில்லை.

அந்தப் பண்ணை நிலத்தில் ஷாட்டன் என்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் நடந்தது. பிரிட்டனில் நிலத்தடி நிலக்கரி அரசுக்குச் சொந்தம். ஆனால் அதைத் தோண்டி எடுக்க, மேலே இருக்கும் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். அதற்குச் சுரங்கக் கம்பெனி அவருக்குப் பணம் கொடுக்கும். அந்தக் குழியிலிருந்து எடுத்த 15 லட்சம் டன் மண்ணையும் கல்லையும் குவித்துப் படுத்திருக்கும் பெண் வடிவில் ஒரு குன்றே செய்து 2012-ல் திறந்தார்கள். நீளம் 400 மீட்டர், உயரம் 34 மீட்டர். குழி எவ்வளவு பெரிசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இதே ரிட்லிதான் காலநிலை மாற்றம் பற்றி இங்கிலாந்தில் அதிகம் கேட்கப்படும் சந்தேகக் குரல்களில் ஒருவர். நியாயமாகச் சொல்லணும், தோழர்களே. பூமி சூடாகவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. "சூடாகுது, ஆனால் மெதுவாக, பெரிய ஆபத்து இல்லை, தடுக்கப் போய்ச் செலவு செய்வதுதான் அதிக நஷ்டம்" என்பது அவர் வாதம். தனக்கு நிலக்கரியில் வருமானம் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

அப்புறம் என்ன பிரச்சினை? அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

தாட்சர் காலத்து நிதியமைச்சர் நைஜல் லாசன் 2009 நவம்பரில், கோபன்ஹேகன் மாநாட்டுக்குச் சில வாரம் முன்னால், 'குளோபல் வார்மிங் பாலிசி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நன்கொடையாளர் பட்டியலை வெளியிடாத அமைப்பு. அதன் கல்வி ஆலோசனைக் குழுவில் ரிட்லி இருந்தார். அவருடைய சகோதரியை மணந்தவர் ஓவன் பேட்டர்சன், 2012 முதல் 2014 வரை பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைச்சர். பதவி போன சில மாதத்தில், 2014 அக்டோபரில், பேட்டர்சன் அதே அமைப்பின் மேடையில் ஏறி, 2008-ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டத்தை நிறுத்தி வைக்கணும் என்றார்.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ரகசியமும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. நிலம், பத்திரிகைப் பத்தி, சபை நாற்காலி, சிந்தனை அமைப்பு, அமைச்சர் உறவு, எல்லாம் ஒரே வட்டத்துக்குள். அதுதான் நான் சொல்ல வருவது.

இன்னொரு விஷயம். 2004 முதல் 2007 வரை நார்தர்ன் ராக் வங்கியின் தலைவராக இருந்தவரும் இதே ரிட்லிதான். 2007 செப்டம்பரில் அந்த வங்கி வாசலில் ஜனங்கள் போட்ட பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். 2008 பிப்ரவரியில் அரசு வங்கியைக் கையில் எடுத்தது. "பெரிய ஆபத்து இல்லை" என்ற கணக்கு தப்பினால் சுமை எங்கே வந்து விழும் என்பதற்கு அந்த வரிசை ஒரு பாடம்.

ஒருவருக்கு ஆதாயம் இருக்கு என்பதாலேயே அவர் சொல்வது பொய்யாகிவிடாது. அப்படிப் பேசினால் நாமும் அவதூறுக்காரர்கள் ஆகிவிடுவோம். வாதத்தை ஆதாரத்தோடு உரசிப் பார்க்கணும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ். அந்த நாடு அதற்கு முன் 40 டிகிரியைப் பார்த்ததே இல்லை. நமக்கு 40 சாதாரணம். அவர்கள் வீடு குளிருக்காகக் கட்டிய வீடு. 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. முடியாது, கட்டுப்படியாகாது என்று சொன்னது நடந்துவிட்டது.

இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்றேன்? நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் கொடுத்தாகணும். எந்த ஊர், என்ன சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம்மில் எத்தனை பேர் படிச்சிருக்கோம்?

அடுத்த முறை ஒரு தலைவர் குவாரியைப் பற்றியோ சுரங்கத்தைப் பற்றியோ மணலைப் பற்றியோ "ஒண்ணும் ஆகாது" என்று பேசினால், முதலில் அவர் பேச்சைக் கேளுங்கள். பிறகு ஆதாரத்தைப் பாருங்கள். அதோடு அந்தப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் மட்டும் இல்லை. நம் கட்சி மேடையில் நிற்பவரிடமும், என்னிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரை இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.