சேமித்த யூனிட்டும் விளைந்த யூனிட்டே!

(திருப்பாலைக்குடிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்கரை ஊரிலே நின்றுகொண்டு காற்றைப்பற்றிப் பேசத் துணிந்திருக்கிறேன். கொல்லர் தெருவில் ஊசி விற்கும் வேலைதான்! கன்னத்தில் பட்ட மாத்திரத்திலேயே இது கொண்டல், இது வாடை, இது கச்சான் என்று கூறவல்லவர்கள் நீங்கள். உங்களுக்குக் காற்றைக் கற்பிக்க நான் வரவில்லை. ஒரு கேள்வி கேட்கவே வந்தேன். கடல்மீது தடையின்றி உலவும் அந்தக் காற்று, உங்கள் வீட்டுக்குள் நுழைய மறுப்பது ஏன்?

இரவெல்லாம் அலையோடு போராடி, விடியலிலே கரையேறி, மீனை ஏலத்தில் விட்டு, வலையைச் செப்பனிட்டு வீடு திரும்புகிற உழைப்பாளி பகலிலேதான் உறங்கியாக வேண்டும். எங்கே உறங்குவது? வெயிலை வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும் காங்கிரீட் தளத்தின் அடியிலே! தலைக்கு மேலே மின்விசிறி சுழலுகிறது; சுழன்று சுழன்று அனலை அள்ளி முகத்திலே கொட்டுகிறது. புரளுகிறார், எழுகிறார், மர நிழல் தேடித் தெருவுக்கு வருகிறார். அதே வீட்டிலே அடுப்பெரிக்கும் தாய்க்கு அந்தத் தெரு நிழலும் இல்லை. மின்சாரம் செலவாகிறது, கட்டணம் ஏறுகிறது, உறக்கம் மட்டும் வரவில்லை. இதனை விதி என்பதா? வெயில் காலம் என்று சொல்லி விட்டுவிடுவதா? அல்ல தோழர்களே! இது கட்டடத்தின் குறை. திருத்தக்கூடிய குறை.

நம் முன்னோர் கட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவிலே முற்றம், உயரத்திலே ஓடு. சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். குளிர்ந்த காற்று கீழே புகும். அப்துல் கலாம் வளர்ந்த இராமேசுவரம் பள்ளிவாசல் தெரு வீடும், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே சுண்ணாம்புக் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பப்பட்டதே. மின்விசிறியை அறியாத காலத்து அறிவு அது.

அதற்காக, பழையதற்கே திரும்புவோம் என்று பாடவில்லை நான். ஓலைக் குடிசையின் குளிர்ச்சியைப் போற்றுவோர், அது தீப்பற்றி எரிந்த இரவைப் பேசுவதில்லை. குடிசை போக வேண்டும்; போகத்தான் வேண்டும். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011இல் சூரிய ஒளி விளக்குகளோடு 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2024இல் 360 சதுர அடியிலே கனவு இல்லம் வந்தது. ஆட்சிகள் மாறின, திட்டத்தின் பெயர்கள் மாறின, தளத்தின் சூடு மட்டும் மாறவில்லை! தலைக்கு மேலே கூரை தந்த அரசு, அந்தக் கூரையின் வெப்பத்தைத் தணிக்கவும் கடமைப்பட்டதன்றோ?

தணிக்க முடியுமா? முடியும். வெறும் தளம் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து, இரவெல்லாம் அதை அறைக்குள் உமிழ்கிறது. தளத்தின்மேல் வெள்ளை பூசுங்கள். வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். 2010 மே மாத வெப்ப அலையிலே ஆமதாபாத் நகரில் வழக்கத்திற்கு மேலாக 1,300க்கும் அதிகமானோர் மாண்டனர். அந்தத் துயரத்திலே பாடம் கற்ற நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழையர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. இத்தகைய கூரையின் அடியிலே 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறையக் கண்டார்கள். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. நமக்கோ சுண்ணாம்பு புதிதல்ல. பவளப்பாறையை வெட்டிச் சுட வேண்டாம். அது 2001 முதல் சட்டத்தின் காவலில் இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைக்கும். ஆகவே ஆண்டுதோறும் பங்குனி பிறக்குமுன் மீண்டும் பூச வேண்டும். அவ்வளவே!

இனிக் கணக்குக்கு வருவோம். பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 54 யூனிட். இரண்டு விசிறிக்கு 108 யூனிட். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? அந்த நூறையும் இரண்டு பழைய விசிறிகளே விழுங்கி ஏப்பம் விடுகின்றன! புதுமுறை மோட்டார் கொண்ட விசிறிக்கோ ஏறத்தாழ 30 வாட் போதும். இரண்டும் சேர்ந்து 60 நாளில் 43 யூனிட். அதே காற்று, மிச்சம் 65 யூனிட்.

"மின்சாரம் போதவில்லையா, இன்னொரு நிலையம் கட்டு" என்பார் சிலர். கட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று மலையும் ஆறும் தந்த மின்சாரத்தைப் பெற்ற நாடு இது. நம் மாவட்டத்திலேயே வழுதூரில் எரிவாயு நிலையம் உண்டு. கமுதியிலே 2016இல் 648 மெகாவாட் சூரிய நிலையம், சுமார் 2,500 ஏக்கரில் எழுந்தது. விளைகிறது மின்சாரம், ஆனால் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினால்தான் நிரம்பும்? சேமித்த யூனிட்டும் விளைந்த யூனிட்டே! அதற்கு ஏக்கர் வேண்டாம், எரிவாயு வேண்டாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2007இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு விதி வந்தது. 2018இல் குடியிருப்புக்கும் வந்தது, யாருடைய குடியிருப்புக்கு? 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் கட்டடத்திற்கு! நம் கணக்கிலே 12 சென்ட்டுக்கு மேல். இரண்டு சென்ட்டிலே குடியிருக்கும் மீனவர் அந்த ஏட்டில் இல்லை. என்றோ கட்டிய பழைய வீடும் அந்த ஏட்டில் இல்லை. அவர்களை ஏட்டில் ஏற்றுவதுதான் அரசியல்!

"புதிய விசிறியின் விலையை ஏழை எப்படித் தருவான்?" நியாயமான கேள்வி. விடையும் நம் கண்முன்னே உண்டு. எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய். மாயமா? மந்திரமா? நாட்டுக்கே மொத்தமாக வாங்கியதன் பலன் அது! சில மாநிலங்களில் சிறு தொகை பெற்று, மீதியை மின்கட்டணத்தோடு தவணையாக வாங்கினார்கள். பல்புக்குச் செய்ததை விசிறிக்கும் செய்க என்று கேட்போம். 2011இல் வீடுதோறும் விசிறி வழங்கத் தொடங்கிய மாநிலம் இது. இனி வழங்குவது சிக்கன விசிறியாக இருக்கட்டும் என்று கேட்போம்.

சிக்கனம் என்றதும் அஞ்ச வேண்டாம். ஏழையைப் பார்த்து விளக்கை அணை, விசிறியை நிறுத்து என்பது சிக்கனமன்று, கொடுமை. அவன் வீட்டைக் குளிரச் செய்து, அதே சுகத்தைக் குறைந்த மின்சாரத்தில் தருவதே நாம் பேசும் சிக்கனம்.

தோழர்களே! கைதட்டிக் கலைவதற்காகவா கூடினோம்? நாளைக் காலை நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்குச் செல்லுங்கள். எத்தனை வீடு, எந்தக் கூரை, எத்தனை விசிறி, சன்னல் எந்தத் திசை, மின்கட்டணம் எவ்வளவு என்று எழுதுங்கள். பள்ளிக்கூடத்தையும் ஏலக்கூடத்தையும் விடாதீர்கள். பகலிலும் எரிகிற தெருவிளக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அந்த ஏட்டைக் கையிலேந்தி எழுந்து நில்லுங்கள். அரசு கட்டித் தந்த ஒவ்வொரு வீட்டின் கூரைக்கும் ஆண்டுதோறும் வெள்ளை பூசத் தீர்மானம் கேளுங்கள். ஒரு முறை மறுத்தால் மறுமுறை கேளுங்கள்.

கடலிலிருந்து திரும்புகிறவர் கண்ணயர வேண்டும். அதற்கு மேல் பெரிய கோரிக்கை எதனையும் நான் வைக்கவில்லை. அதைவிடச் சிறிய கோரிக்கையோடு திரும்பிப் போகவும் நான் விரும்பவில்லை.