தப்பு கம்பைலர் மேலா?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



நம்ம லேப்ல புரோகிராம் ஓடலேன்னா முதல்ல என்ன சொல்வோம்? "சார், கம்பைலர் சரியில்ல!" வேலைக்குப் போன பிறகும் நான் இதையே சொன்னேன். சாதாரணமாகக் கம்பைல் செய்தால் என் புரோகிராம் ஓடும். ஆப்டிமைசேஷன் போட்டால் படுத்துவிடும். மூன்று நாள் கம்பைலரைத் திட்டினேன். கடைசியில் வால்கிரைண்டில் ஓட்டிப் பார்த்தால், ஃப்ரீ செய்துவிட்ட மெமரியை நானே மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்! காலி செய்து கொடுத்த வாடகை வீட்டுக்குள் பழைய சாவியைப் போட்டு நுழைந்த கதைதான்.

பெரிய கைகளுக்கும் இது நடக்கும். 2009-இல் லினக்ஸ் கெர்னலின் 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு பிழை வெளிப்பட்டது. ஒரு பாயிண்டர் வழியாக மதிப்பை முதலில் எடுத்துவிட்டு, "இது காலிப் பாயிண்டரா?" என்று அதன் பிறகு சோதித்திருந்தார்கள். ஜிசிசி கம்பைலர் பார்த்தது. "ஏற்கெனவே பயன்படுத்தியாச்சு, அப்படியானால் இது காலியாக இருக்க முடியாது" என்று கணக்குப் போட்டு, அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி அது செய்தது சரி. ஆனால் சாதாரண யூசர் ஒருவர் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க வழி திறந்துவிட்டது!

திருத்தம் என்ன தெரியுமா? மதிப்பை எடுக்கும் வரியைச் சோதனைக்குக் கீழே இறக்கினார்கள். அவ்வளவுதான். இத்தகைய சோதனைகளை இனி நீக்கக் கூடாது என்று கெர்னலைக் கம்பைல் செய்யும் கட்டளையிலும் சேர்த்தார்கள். மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால்தான் இன்று நானும் இதைச் சொல்ல முடிகிறது.

தம்பி தங்கைகளே, கம்பைலர் எச்சரிக்கை கொடுத்தால் அதன் வாயை அடைக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். வால்கிரைண்ட், அட்ரஸ் சானிடைசர் இரண்டும் இலவசம், பழகிக்கொள்ளுங்கள். கம்பைலரிலும் பிழை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புகார் எழுதும் முன், பிரச்சினையைப் பத்து இருபது வரி புரோகிராமாகச் சுருக்கிப் பாருங்கள். பாதி நேரம், சுருக்கும்போதே நம் தப்பு நம் கண்ணில் பட்டுவிடும்.

நாம் நினைத்தது கம்பைலருக்குத் தெரியாது, எழுதியதுதான் தெரியும்.