மலையும் தலைநகரும் முகம் பார்த்துப் பேச

ஒருவர் பேசப் பலர் கேட்பது வானொலி. இருவர் மாறி மாறிப் பேசுவது தொலைபேசி. பல ஊர்களில் இருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தாற்போல உரையாடுவது காணொளிக் கலந்துரையாடல். கடல் கடந்த உறவினரின் முகத்தைக் கைத்தொலைபேசியிற் காண்பது இன்று லயத்து அறைகளிலும் வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஒரு கம்பனி தன் கணினி வலையமைப்பின் வழியே தன் கந்தோர்களையெல்லாம் இவ்வாறு இணைப்பது வேறு வகையான காரியம். வீட்டுப் பேச்சு இடையில் அறுந்தால் மறுபடியும் அழைத்துக்கொள்ளலாம். கொழுந்தின் நிறையையும் வேலை நாட்களையும் பற்றிய கூட்டம் அறுந்தாலோ, ஒரு தரப்பைக் கேளாமலே முடிவு எடுக்கப்பட்டுவிடும். ஆகவே அதனை எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதை, மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

இச்சாதனத்தின் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையுடன் தொடங்குகிறது. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியொன்று படத் தொலைபேசியைக் காட்டி மக்களை வியக்க வைத்தது. 1970இல் பிற்ஸ்பேர்க் நகரில் அது வாடகைக்கும் விடப்பட்டது. ஆனால் அதனை வாங்கியோர் மிகச் சிலரே. கட்டணம் அதிகம் என்பது ஒரு காரணம். மறுமுனையிற் பேசுவதற்கு ஆளில்லை என்பது மற்றொரு காரணம். பின்னர் 1996இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், கம்பனிகளின் கணினி வலையமைப்புகளிலேயே படத்தையும் ஒலியையும் அனுப்புவதற்கான பொது நியமத்தை வகுத்தது. அதன்பின் கருவி மலிந்தது, வழியும் பெருகிற்று. ஆனால் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்ற பழைய வினா மட்டும் இன்னும் தீரவில்லை.

மலைநாட்டில் அவ்வினாவுக்குத் தனிப் பொருளுண்டு. 1992ஆம் ஆண்டு அரசாங்கப் பெருந்தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மஸ்கெலியாவின் பெயரையே தாங்கியுள்ளது. தேயிலை விளைவது மலையில். கம்பனிகளின் தலைமைக் காரியாலயங்கள் பெரும்பாலும் இருப்பது கொழும்பில். அவிசாவளை, கினிகத்தேனை வழியாக வளைந்து ஏறும் பாதையில் ஒரு கூட்டத்துக்குச் சென்று திரும்புவதென்றால் ஒரு பகல் கழிந்துவிடும். ஆதலால் கூட்டங்களுக்குச் செல்வோர் தோட்டத்துரைமாரும் மேல்நிலை உத்தியோகத்தருமே. கணக்கப்பிள்ளையோ, பிள்ளைக் காம்பராவைப் பராமரிக்கும் பெண்ணோ, தோட்ட மருத்துவ உதவியாளரோ அந்தப் பயணத்தை மேற்கொள்வதில்லை.

தேயிலைத் தொழில் புதிய முறைகளுக்கு இணங்காது என்று யாரும் சொல்ல முடியாது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் தலைமுறை தலைமுறையாகக் குரல் கொடுத்துக் கேட்கும் ஏலமாகவே நடந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக ஊரடங்குச் சட்டம் வந்தது. ஏப்ரல் மாதத்திலேயே அந்த ஏலம் கணினி வழிக்கு மாறிவிட்டது. அது காணொளிக் கூட்டமன்று. விலை கேட்கும் முறையின் மாற்றமே. எனினும் அவசியம் நேர்ந்தால் இத்தொழில் எத்துணை விரைவாகத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை அது காட்டிற்று. அன்று அவசியத்தால் செய்ததை இன்று ஆலோசித்துச் செய்யலாமன்றோ?

இனித் திட்டத்துக்கு வருவோம். முதலாவது வேலை அளவெடுத்தல். ஒலியும் படமும் சிறு சிறு பொதிகளாக நறுக்கப்பட்டு வலையமைப்பிற் செல்கின்றன. தெளிவான படத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு மெகாபிட் கொள்ளளவு போதும். சாதாரணப் படத்துக்கு அதிற் பாதியோ அதனினும் குறைவோ போதும். குரலுக்கு மட்டுமெனின் மெகாபிட்டில் பத்திலொரு பங்கே தாராளம். இங்கே பலர் காணத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. பழைய செப்புக் கம்பி இணைப்புகளில் உள்ளே வரும் வழி அகலமானது. வெளியே செல்லும் வழி குறுகியது. அத்தகைய தோட்டக் கந்தோருக்குக் கொழும்பின் முகம் தெளிவாகத் தெரியும். தோட்டத்தின் முகமோ கொழும்புக்கு மங்கலாய்த் தெரியும். கொழும்பிலிருந்து பார்த்தவர், ‘அங்கே கருவி சரியில்லை’ என்பார். குறை கருவியில் இல்லை, வழியில் உள்ளது. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் இணைப்பு வெளியே அனுப்பும் வேகத்தைக் காலையிலும் மாலையிலும், வெயிலிலும் மழையிலும் அளந்து குறித்தல் வேண்டும்.

அடுத்தது தாமதம். ஒருவர் பேசிய சொல் மறுமுனைக்குச் செல்ல 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஒன்றியத்தின் பரிந்துரை. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி வழியே சென்றால் ஏறி இறங்குவதற்கே கால் செக்கன் ஆகிவிடும். அப்போது இருவரும் ஒரே நேரத்திற் பேசத் தொடங்குவர், இருவரும் நிறுத்துவர், இறுதியில் அதிகாரம் உள்ளவரே பேசுவார்.

மூன்றாவது முன்னுரிமை. மலைப்பாதையில் நோயாளர் வண்டி வந்தால் கொழுந்து லொறி ஓரங்கட்டி வழிவிடுகிறது. அதுபோலக் கணக்கேடுகளும் மின்னஞ்சல்களும் செல்லும் அதே வழியில், குரற் பொதிகள் முதலிலும் படப் பொதிகள் அடுத்தும் செல்லுமாறு வலையமைப்புக் கருவிகளுக்குக் கட்டளையிடல் வேண்டும். படம் சிறிது மங்கினாலும் கூட்டம் நடக்கும். குரல் அறுந்தால் நடவாது.

பல தோட்டங்களை இணைக்கும்போது ஒரு சிறு கணக்கையும் மனத்திற் கொள்ளல் நன்று. பத்து இடங்கள் ஒன்றுக்கொன்று நேராகப் படம் அனுப்பினால் ஒவ்வோர் இடமும் ஒன்பது பேருக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் தொண்ணூறு ஓட்டங்கள். நடுவிலே ஒரு நிலையம் இருந்து எல்லாவற்றையும் வாங்கிப் பகிர்ந்தளித்தால், ஒவ்வொரு தோட்டமும் ஒரேயொரு படத்தை அனுப்பினாற் போதும். குறுகிய வழியுள்ள தோட்டங்களுக்கு இதுவே உகந்தது.

இனி மின்சாரம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் கனியன் மின்நிலையத்துக்கும், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும் செல்கின்றன. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாக்கலை நீருக்குள் மூழ்கிற்று. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயில் வெளியே தெரியும். நாட்டுக்கு ஒளி தந்த இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டக் கந்தோர்களிலேயே, காற்று மழையில் மரம் முறிந்தால் விளக்கு அணைகிறது; பருவக்காற்றுகளின் இடைக்காலத்து மின்னல் கம்பி வழியே இறங்கிக் கருவிகளைக் கருக்குகிறது.

இது சிறு தொல்லை என்று எண்ணுதல் தவறு. தமிழ்நாட்டில் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புறச் சிற்றூர்களிற் பார்வை நிலையங்களை அமைத்து, அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளரின் துணையுடன் அவற்றைக் கம்பியில்லா வழியில் இணைத்தது. 2006இல் இத்தகைய நிலையங்கள் ஐந்து இருந்தன. கிராமத்து நோயாளி பார்வை நிலையத்தில் அமர்ந்தவாறே தேனி மருத்துவரின் முகம் பார்த்துப் பேசினார். குறுகிய தூரத்துக்கென வகுக்கப்பட்ட வைபை முறையைப் பல கிலோமீற்றருக்கு ஏற்ப அவர்கள் மாற்றியமைத்தனர். ஆனால் நாளடைவில் அவர்களை அதிகமாக வருத்தியது கம்பியில்லாத் தொடர்பின் நுட்பமன்று. மின்சாரத்தின் ஏற்ற இறக்கமே. திடீரென ஏறிய மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கிற்று; திடீரென நின்ற மின்சாரம் அவற்றின் நினைவகத்தைக் குலைத்தது. அங்குள்ள ஊழியரே சிறு பழுதுகளைக் கண்டறிந்து திருத்தப் பழகிய பின்னரே அந்த ஏற்பாடு ஊன்றி நின்றது.

தேனி தரும் பாடம் மஸ்கெலியாவுக்கும் பொருந்தும். கமராவுக்குப் பணம் ஒதுக்கும் முன், மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவிக்கும், மின்கலத்துக்கும், நிலத்துக்குள் இறங்கும் இடிதாங்கிக் கம்பிக்கும் பணம் ஒதுக்குக. எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நாளிற் கருவியை இறக்காது, முதலில் இரண்டு தோட்டங்களைத் தெரிக. ஒன்று நகருக்கு அண்மையிலும், மற்றொன்று மலையின் உட்கோடியிலும் இருக்கட்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் அவ்விரண்டிலும் நடத்திப் பார்த்து, அறுந்த நேரத்தையும் காரணத்தையும் ஒரு கொப்பியில் எழுதுக. ஒவ்வொரு கந்தோரிலும் கிளாக்கர் இருவரைப் பழக்குக; ஒருவர் விடுமுறையில் இருந்தாலும் கூட்டம் நின்றுவிடலாகாது. கருவியைத் திறப்பது, குரலைச் சரிபார்ப்பது, இணைப்பு அறுந்தால் யாரை அழைப்பது என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கூட்டம் பதிவு செய்யப்படுமாயின் அதனை முன்னரே எல்லோருக்கும் அறிவித்தல் வேண்டும்.

இவையெல்லாம் செம்மையாக அமைந்த பின்னர், கமரா யாரை நோக்கியிருக்கிறது என்ற வினா எழுகிறது. கருவி பெரிய துரையின் அறையிலே பூட்டப்பட்டிருந்தால், பெரட்டுக் களத்தில் இறங்கும் கட்டளைக்கு இன்னுமொரு விரைவான வழி கிடைத்தது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கட்டளை கீழே வருவதற்கு மலைநாட்டில் ஒருபோதும் வழி இல்லாமல் இருந்ததில்லை. சொல் மேலே செல்வதற்கே வழி அரிதாயிருந்தது. கொழுந்தின் நிறையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில், அன்று மலையில் கொழுந்து எவ்வாறு இருந்தது என்பதைக் கொழுந்து பறித்த பெண்ணே சொல்லட்டும். அவர் தமிழிற் பேசுவார். மறுமுனையில் தமிழ் அறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். தோட்ட மருத்துவ உதவியாளர் ஐயத்துக்குரிய நோயாளியை நகரத்து வைத்தியரிடம் காட்டவும் அதே கருவி வாரத்திற் சில மணி நேரம் உதவட்டும். இவற்றுக்கு மேலதிகக் கம்பியோ கமராவோ வேண்டியதில்லை. பொதுவான ஓர் அறையும், குறித்த ஒரு நேரமும், கேட்கும் மனமுமே வேண்டும்.

ஆதலின் நேயர்களே, இத்திட்டம் வென்றதா என்பதைப் படத்தின் தெளிவைக் கொண்டு அளப்பது போதாது. மஸ்கெலியாவிலிருந்து எழுந்த ஒரு சொல்லால் கொழும்பில் ஒரு முடிவு திருத்தப்பட்டதா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஒருமுறையேனும் அவ்வாறு திருத்தப்பட்டால், அதற்கெனச் செலவிட்ட பணமும் உழைப்பும் வீண்போகவில்லை எனலாம்.