குளிர்கால டயர் வாங்கத்தான் வேண்டுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "வெளிநாட்டு அனுபவம்னு ஏதாவது பேசுப்பா, ஆனா நாலு பேருக்குப் பயன்படணும்" என்றார். டயரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். ஒரு நிமிடம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் வியர்க்கிற இந்த அரங்கத்தில் பனிச்சாலை டயர் எதற்கு என்று உங்களுக்கும் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நான் 2011-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்து, 2016 முதல் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் நம் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து எனக்குப் போன் வரும். மேல்படிப்புக்கு வந்தவர்கள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள். கேள்வி ஒன்றுதான். "அண்ணா, விண்டர் டயர் கட்டாயமா? ஆயிரம் டாலர் ஆகும்னு சொல்றாங்க. வண்டியில ஆல் சீசன் டயர் இருக்கே, அதுலயே ஓட்டிக்கலாமா?"

கல்விக் கடனோடு வந்திறங்கிய பையனுக்கு ஆயிரம் டாலர் என்பது விளையாட்டு இல்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் இரவு நேரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துச் செலவைச் சமாளிக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் இந்த அரங்கத்தில் சிலர் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். எங்கள் ஊரில் அது ஒரு வேடிக்கை. ஒட்டாவா ஆற்றுக்குத் தென்கரையில் நாங்கள் இருப்பது ஒன்டாரியோ மாநிலம். பாலத்தைத் தாண்டினால் வடகரையில் காட்டினோ நகரம், அது கியூபெக் மாநிலம். கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மாநிலத்தில் பதிவான கார்கள் எல்லாவற்றுக்கும் அது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அபராதம் 200 டாலரில் ஆரம்பிக்கும். எங்கள் கரையில் அப்படிச் சட்டமே இல்லை. போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும் என்று 2016-ல் ஒரு விதி வந்தது, அவ்வளவுதான். ஆக, ஒரே பனி, ஒரே பாலம், இரண்டு நியாயம். "சட்டமே கேட்கலை, அப்புறம் என்ன?" என்று நம் பிள்ளைகள் கேட்பது இந்தக் கரையில் நின்றுகொண்டுதான்.

சட்டம் சொல்லாததை இயற்பியல் சொல்கிறது. நம்ம ஊரில் மார்கழி பிறந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துவிடும். பக்கத்திலேயே இருக்கிற நல்லெண்ணெய் பாட்டில் அப்படியே இருக்கும். குளிர் ஒன்றுதான், எண்ணெய் வேறு. டயர் ரப்பரும் இதே மாதிரிதான். கோடை டயரின் ரப்பர் வெயிலில் உருகாமல், தேயாமல் இருக்கும்படி கலக்கப்பட்டது. வெப்பநிலை இறங்க இறங்க அது விறைத்துப் போகும். ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் மாதிரி மேலாகவே உட்கார்ந்திருக்கும். குளிர்கால டயரில் கலவையே வேறு. சிலிக்கா சேர்த்து, மைனஸ் இருபதிலும் வளைந்து கொடுக்கிற மாதிரி செய்திருப்பார்கள். ஆல் சீசன் என்பது இரண்டுக்கும் நடுவில். எல்லா சீசனுக்கும் என்று பெயர் வைத்தவருக்கு ஒட்டாவா ஜனவரி தெரியாது என்று நினைக்கிறேன்.

ரப்பரோடு முடியவில்லை. குளிர்கால டயரை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். டயர் அழுந்தும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். பெரிய பள்ளங்களில் பனி அடைந்து நிற்கும். மழைக்கால டயர் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும், இதுவோ பனியை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பனியோடு நன்றாக ஒட்டுவது பனிதான். பனி உருண்டை பிடித்து விளையாடுகிற குழந்தைக்கு இது தெரியும். இதில் முன்னோடிகள் பின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியான் என்று நாம் அறிகிற கம்பெனி 1934-லேயே லாரிக்கான குளிர்கால டயர் செய்தது. 1936-ல் ஹக்கப்பெலீட்டா என்று கார் டயர் வந்தது, அந்தப் பெயர் இன்றும் கடையில் இருக்கிறது.

இனி கணக்கு. கரும்பலகை இல்லாமல் பேசினால் நம் பேராசிரியர்களுக்குத் திருப்தி வராது. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, இரண்டு மடங்கு உராய்வுக் கெழு பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுப்பது. முதலாண்டு மெக்கானிக்ஸ். கவனியுங்கள், வண்டியின் எடை இந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை. என்ஜின் சக்தியும் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா, இரண்டு சக்கரம் இழுக்கிற வண்டியா என்பதும் இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறோம். காய்ந்த தார் ரோட்டில் உராய்வு 0.8 என்று வைத்தால் 12 மீட்டரில் வண்டி நிற்கும். அழுந்திய பனியில் சாதாரண டயருக்கு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள், 49 மீட்டர். நல்ல குளிர்கால டயருக்கு 0.3 என்று வையுங்கள், 33 மீட்டர். இவை நான் கணக்குக்கு எடுத்த எண்கள்தான். பனிக்குப் பனி மாறும், டயருக்கு டயர் மாறும். ஆனால் அளவு இந்த வட்டாரத்தில்தான்.

பதினாறு மீட்டர் வித்தியாசம் என்று கேட்டால் பெரிதாகத் தெரியாது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். குளிர்கால டயர் போட்ட கார் நின்றுவிட்டது. அதே கோட்டை மற்றது கடக்கும்போது அதன் வேகம் என்ன? ஏறத்தாழ 29 கிலோமீட்டர். பாதசாரிக் கோட்டில் ஒரு பாட்டி நடந்து போய்க்கொண்டிருந்தால் அந்த 29-க்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. செலவு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது காரில் இருப்பவர். அந்த முடிவைத் தாங்குவது கோட்டில் நடப்பவர். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கியூபெக் கரையின் பக்கம்.

"எங்க வண்டி நாலு சக்கர இழுவை அண்ணா, பனியில சும்மா பறக்குது" என்பார்கள். பறக்கும்தான். கிளம்புவதற்கு அது உதவும். நிற்பதற்கு எல்லா வண்டியும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது, அதில் புதுசாக ஒன்றும் கிடைக்காது. சொல்லப்போனால் சுலபமாகக் கிளம்புகிற வண்டி, ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதை ஓட்டுபவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. ஏ.பி.எஸ்.ஸும் அப்படித்தான். இருக்கிற உராய்வை ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டயர் கடைக்காரன் பேச்சாகிவிடும். மென்மையான ரப்பர், நிறைய வெட்டுகள். இதன் விலை என்ன? காய்ந்த ரோட்டில் கட்டைகள் நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துத் திரும்புகிற மாதிரி இருக்கும். சத்தம் கூடும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் குளிர்கால டயர்தான் சிறந்தது என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். காய்ந்த ரோட்டைப் பொறுத்தவரை அது அவ்வளவு சரியில்லை. ஐந்து டிகிரியில்கூட, ரோடு காய்ந்திருந்தால், நல்ல கோடை டயர் சீக்கிரம் நிற்கும். ஏழு டிகிரி என்பது மாற்றுவதற்கு நாள் குறிக்க ஒரு வசதி, அவ்வளவே. ஜெர்மனியில் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி.

எங்கள் ஊரிலேயே குளிர்காலத்தில் பாதி நாள் ரோடு சுத்தமாகத்தான் இருக்கும். வருடத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பனி கொட்டினாலும், மாநகராட்சி வழித்து எறிந்து உப்புப் போட்டுவிடும். அந்த நாட்களில் குளிர்கால டயர்காரருக்கு நஷ்டம்தான். எவ்வளவு நஷ்டம்? காய்ந்த ரோட்டில் 0.8 என்பது 0.7 ஆகிவிட்டது என்றே வையுங்கள். 12 மீட்டரில் நின்ற வண்டி 14 மீட்டரில் நிற்கும். பல நாட்களில் இரண்டு மீட்டர் இழந்து, சில நாட்களில் பதினாறு மீட்டர் பெறுகிறோம். அதுவும் காய்ந்த ரோட்டில் இழக்கும் இரண்டை இடைவெளி விட்டு ஓட்டிச் சரிக்கட்டலாம். பனியில் அந்தப் பதினாறு சாதாரண டயர்காரருக்கு எங்கிருந்து வரும்?

"இப்போதான் குளிரே குறைஞ்சுடுச்சே" என்பது புது வாதம். உண்மைதான். எங்கள் ஊர் ரீடோ கால்வாய் குளிர்காலத்தில் உறைந்து 7.8 கிலோமீட்டர் சறுக்கு மைதானமாகும். 2023-ல் வரலாற்றிலேயே முதன்முறையாக அந்தக் குளிர்காலம் முழுக்க அது திறக்கப்படவே இல்லை. ஆனால் டயருக்கு இது நல்ல செய்தி இல்லை. மைனஸ் இருபதில் இருக்கும் ஐஸைவிட பூஜ்யத்தில் இருக்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும், மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால். பகலில் உருகி, சாயங்காலம் மறுபடி உறைகிற ரோடு, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி. தமிழில் நமக்கு மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதும் பனி, இமயமலையில் இருப்பதும் பனி. அங்கே போகிற பிள்ளைகள் முதலில் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டியது, வெள்ளையாகத் தெரிகிற பனியையும் தெரியாத ஐஸையும். ஐஸில் எந்த டயரானாலும் மெதுவாகத்தான் போக வேண்டும்.

சரி, காசு. என் சிறிய காருக்கு வரியோடு நான்கு டயர் 640 டாலர் ஆயிற்று, இரும்பு ரிம் நான்கு 320. ஆக 960. மாற்றுக்கூலி வருடத்துக்கு இரண்டு தடவை, 140. ஐந்து குளிர்காலம் ஓடும் என்று வைத்தால் பெரிய தொகை மாதிரி தெரியும். ஆனால் குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் தூங்குகிறது. ஒரு ஜோடிச் செருப்பை மட்டும் போட்டுத் தேய்ப்பதற்குப் பதில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஆகவே அந்த 640-ல் பெரும்பகுதி புதுச் செலவே இல்லை, முன்கூட்டிய செலவு. உண்மையான கூடுதல் என்பது ரிம் 320, ஐந்து வருடக் கூலி 700. வருடத்துக்கு 204 டாலர். இன்சூரன்ஸ் தள்ளுபடியில் கொஞ்சம் திரும்பி வரும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கார் சிவப்பு விளக்கில் நிற்காமல் படகு மாதிரி மிதந்து போய் முன்னால் நின்ற வண்டியை முத்தமிட்டது. வேகம் இருபதுகூட இல்லை. யாருக்கும் அடியில்லை. ஆனால் அவன் கையிலிருந்து முதலில் போனது பாலிசியில் இருந்த 1000 டாலர் கழிவு. ஐந்து வருடக் கூடுதல் செலவு ஒரே சாயங்காலத்தில். பிரீமியம் ஏறியது தனி.

எல்லோரும் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸும் ரயிலும் இருக்கிற பெரிய நகரத்தில், பனி பெய்த நாளில் காரை எடுக்காமல் வீட்டில் விடக்கூடியவர், மலையும் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் பொறித்த ஆல் வெதர் டயர் ஒன்றை வருடம் முழுக்கப் போடலாம். அந்த முத்திரையைத் தேடுங்கள். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் போதாது, அது டயர் வெட்டின் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. முத்திரைக்குப் பனியில் பரீட்சை உண்டு. ஆனால் இரவு வேலைக்குப் போகிறவன், சாப்பாடு கொண்டுபோகிறவன், குழந்தையைப் பள்ளியில் விட வேண்டியவள், இவர்களுக்கு இன்று வண்டி எடுப்பதில்லை என்று சொல்லும் வசதி கிடையாது. காசு குறைவாக இருப்பவனுக்குத்தான் இந்த டயர் அதிகம் தேவைப்படுகிறது. அதுதான் இதில் இருக்கும் சங்கடம்.

அவர்களுக்காகச் சில விஷயம். ரிம்மோடு பழைய செட் மலிவாகக் கிடைக்கும், குறிப்பாக யாராவது கார் மாற்றும்போது. டயர் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021-ன் 35-வது வாரத்தில் செய்தது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். காசு மிச்சம் என்று முன்னால் மட்டும் இரண்டு வாங்காதீர்கள். பிரேக் பிடித்தால் தலை நிற்கும், வால் முந்திக்கொண்டு சுற்றும். குளிர் ஏறும்போது காற்றழுத்தம் தானாகக் குறையும், பத்து டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று கணக்கு வைத்து மாதம் ஒரு தடவை பாருங்கள். டயரை நீங்களே மாற்றினால் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். நம் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா, நட்டை எதிரெதிராக முறுக்கச் சொல்லித் திட்டியது அங்கே எனக்கு வருடத்துக்கு இரண்டு தடவை பயன்படுகிறது.

இந்த அக்டோபரில் போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் மதியச் சாப்பாட்டின்போது என்னைப் பிடியுங்கள். வண்டி எந்த மாடல், வேலை எத்தனை மணிக்கு, எந்த ரோடு என்று சொன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.