என் கார்டு அவர் பர்ஸில் இருந்தது

இந்த எபிசோடை ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணி டெலீட் பண்ணிட்டேன். இது மூணாவது. என் கணவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். நான் என்ன பேசப் போறேன்னு அவருக்குத் தெரியும்.

2022-ல், கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதம், மதுரையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனேன். அவர் அங்கே இன்ஜினியர். அவரிடம் 'ப்ளூ கார்டு' இருந்தது. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு, விசா வாங்கும்போது ஜெர்மன் தேர்வு கிடையாது. "லக்கிடி நீ" என்றார்கள் தோழிகள். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் போய் இறங்கினேன்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். அங்கே பொதுக் காப்பீட்டில் இருப்பவர், வருமானமில்லாத மனைவியைத் தன் பிரீமியத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். தனியாகக் கட்ட வேண்டியதில்லை. என் போட்டோ போட்ட கார்டு தபாலில் வந்தது. "நீங்களே வச்சுக்கோங்க" என்று நான்தான் கொடுத்தேன். அவர் பர்ஸுக்குள் போனது.

போன கொஞ்ச நாளில் பீரியட்ஸ் தாறுமாறாக ஆரம்பித்தது. பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காது. நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்று அவரிடம் சொன்னேன். அரை நாள் லீவ் போட்டு என்னைக் கூட்டிப் போனார்.

அந்த டாக்டருக்கு ஆங்கிலம் கம்மி. அவர் ஜெர்மனில் கேட்பார், இவர் தமிழில் சொல்வார், நான் பதில் சொல்வேன், அது திரும்ப ஜெர்மனாகப் போகும். இவருக்குத் தெரிந்தது கியர்பாக்ஸ் ஜெர்மன். கர்ப்பப்பைக்கு ஜெர்மனில் 'கெபேர்முட்டர்'. முட்டர் என்றால் அம்மா. அந்த வார்த்தை அன்று அவருக்குத் தெரியாது. "வயித்துல வலி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லணும்னா, தமிழ்லயும் அந்த வார்த்தையை நாங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொன்னதில்ல.

ஆனா இது அவர் தப்பா மொழிபெயர்த்த கதை இல்ல.

டாக்டர் கேட்டார்: எத்தனை நாளாக இப்படி? இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "ரெண்டு வாரமா."

நான்கு மாதம் என்று சொன்னால் அது முதலில் அவர் காதில்தான் விழும். அன்று ராத்திரி அவருடைய அம்மா போனில் வருவார். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. டாக்டர் நோயாளியின் விஷயத்தை அனுமதி இல்லாமல் கணவரிடம்கூடச் சொல்லக் கூடாது. அந்த ஊர்ச் சட்டமே அப்படி. ஆனால் கணவரே மொழிபெயர்ப்பாளராக நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சட்டம் எதைக் காப்பாற்றும்? வேறு மொழிபெயர்ப்பாளர் வைக்கலாம், ஆனால் அந்தச் செலவைப் பொதுக் காப்பீடு பொதுவாகத் தருவதில்லை. என் 'ரெண்டு வார'த்துக்கு ஏற்ற மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம்.

ஆறு வாரம் கழித்து அவர் வேலை விஷயமாக ஹங்கேரி போயிருந்தார். காலையில் பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். கண் விழித்ததும் செய்த முதல் காரியம், அவருக்குப் போன். ஆறு தடவை. ஃபேக்டரிக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். அடுத்து அம்மாவுக்கு அடித்தேன். "மாப்பிள்ளைக்கு போன் போட்டியாம்மா?" என்றார். 112 என்ற நம்பர் எனக்குத் தெரியும், ஃப்ரிட்ஜிலேயே ஒட்டியிருந்தது. ஆனாலும் நாற்பது நிமிஷம் அவர் எடுப்பாரென்று தரையில் உட்கார்ந்திருந்தேன். இப்போ யோசிச்சாலும் அந்த நாற்பது நிமிஷம்தான் எனக்குப் பயமா இருக்கு, மயக்கம் இல்ல.

கீழ் வீட்டுத் துருக்கிப் பாட்டிதான் 112-க்கு அடித்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. கதவைத் திறந்த என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் கார்டு கேட்டார்கள். கார்டு ஹங்கேரியில் இருந்தது! நல்லவேளை, அவசரத்துக்குப் பிறகு காட்டினால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஹீமோகுளோபின் 6.8. ஃபைப்ராய்டு கட்டி. ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் அவர் ஓடி வந்தபோது, ஆங்கிலம் பேசும் ஒரு டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எவ்வளவு காலமாக என்று கேட்டார். "ஃபைவ் அண்ட் எ ஹாஃப் மந்த்ஸ்" என்றேன். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் சரியான கணக்கு.

வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "அப்போ அன்னைக்கு நான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அவர் மேல இருந்த பாரத்தை நான் யோசிச்சே பார்த்ததில்ல. என் உடம்பைப் பத்தி யார்கிட்ட எது தப்பாப் போனாலும் அவர் வாய் வழியாத்தானே போகும்?

அதுக்கப்புறம் ஜெர்மன் கிளாஸ் சேர்ந்தேன். புத்தகத்தில் முதல் பாடம் சூப்பர் மார்க்கெட். நான் முதலில் படித்தது உடம்பு: ரத்தம், வலி, எத்தனை நாள், அலர்ஜி. என் மருந்துகளையும் தேதிகளையும் ஜெர்மனில் ஒரு தாளில் எழுதி போன் கவருக்குள் கார்டோடு வைத்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லாத ஆனால் காலைவரை தாங்காத தொந்தரவுக்கு 116117 என்று தனி நம்பர் இருப்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். டாக்டரைத் தேடும் ஆப்பில் பேசும் மொழியை வைத்தும் தேடலாம்.

போன மாசம் செக்கப்புக்குத் தனியா போனேன். டாக்டர் கேட்ட ஒரு கேள்வி புரியல. மூணு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். மூணாவது தடவை படம் வரைஞ்சு காட்டினார். இவர் வெளியே காஃபி குடிச்சிட்டு இருந்தார். "என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டார். பாதி சொன்னேன். மீதியை ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்.