கேட்கிற விதத்தில் கேட்டால் பதில் வரும்



சிம்பாங் ரெங்கம் என்றதும் பலருக்குச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தபோது, விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட பலர் அங்குதான் இருந்தனர். சிறையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் தாய், "சாப்பிட்டியாப்பா? யாரும் அடிச்சாங்களா?" என்று கேட்பாள். உள்ளே யாராவது முறைகேடாக நடந்து கொண்டார்களா என்று மட்டும் கேட்க மாட்டாள். கேட்டாலும், காவலரின் காது எட்டும் தூரத்தில் மகன் வாய் திறக்க மாட்டான். இது ஒரு சிறையின் மீது சொல்லப்படும் புகார் அல்ல; உலகச் சிறைகள் அனைத்திற்கும் பொதுவான நிலை.

மலேசியாவில் அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டவர் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ். தடுப்பு முகாம்களில் இருந்துவிட்டு வந்த 300-க்கும் அதிகமான அந்நியத் தொழிலாளர்களிடம் பேசி, 1995-இல் அவரது அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. போதாத உணவு, நோய், அடி உதை, பாலியல் கொடுமை என்று அவர்கள் சொன்னவை அதில் இடம்பெற்றன. பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996-இல் அவர் மீது வழக்குப் பாய்ந்தது. 2003-இல் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2008 நவம்பரில்தான் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கேட்டவருக்கே இந்தக் கதி என்றால், பாதிக்கப்பட்டவன் எப்படிப் பேசுவான்?

அமெரிக்காவில் 2003-இல் ஒரு சட்டம் வந்தது. சிறையில் நடக்கும் பாலியல் வன்முறையை ஒழிப்பதே அதன் நோக்கம். கைதிகளிடமே கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது. 2011-12 கணக்கெடுப்பில் 92,449 பேர் பங்கேற்றனர். தனியறையில் கைதி காதொலிக் கருவியை மாட்டிக் கொள்வார். கேள்வி காதில் ஒலிக்கும். பதிலைத் திரையைத் தொட்டுத் தெரிவிப்பார். பேட்டியாளருக்குக்கூடப் பதில் தெரியாது. சிலருக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகப் போதைப்பொருள், மது பற்றிய கேள்விகள் கொடுக்கப்பட்டன. அதனால் அறையிலிருந்து வெளியே வருபவரிடம் என்ன கேட்கப்பட்டது என்று காவலரால் ஊகிக்க முடியாது.

அப்படிக் கேட்டபோது பதில் வந்தது. மாநில, மத்தியச் சிறைகளில் நூற்றுக்கு 4 பேர், அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் பாதிக்கப்பட்டதாகக் கூறினர். சக கைதிகளால் என்றவர்கள் 2.0 விழுக்காடு, சிறை ஊழியர்களால் என்றவர்கள் 2.4 விழுக்காடு. காவலுக்கு இருப்பவர் மீதே புகார் என்றால், அவரிடம் போய் எப்படிப் புகார் கொடுப்பது? ரகசியமாகக் கேட்க வேண்டியதன் அவசியம் இதில்தான் இருக்கிறது.

"சிறைக்குப் போனவனுக்கு இதுவும் வேண்டும்" என்று பேசுவோர் உண்டு. நீதிபதி விதிப்பது இத்தனை மாதம், இத்தனை ஆண்டு என்ற தண்டனையைத்தான். மானத்தை இழக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை. இந்தக் கொடுமை பெண்களுக்கு மட்டுமே நேரும் என்பதும் தவறு. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 375-ஆம் பிரிவு பெண்ணையே பாதிக்கப்பட்டவராகக் குறிப்பிட்டாலும், ஆணுக்கு நேரும் பலாத்காரத்தை 377சி பிரிவு தண்டிக்கிறது.

மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குத் தடுப்புக் காவல் இடங்களுக்குச் சென்று பார்வையிட 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அந்த வருகைகளோடு, பெயர் கேட்காத, வெளியார் நடத்தும் கணக்கெடுப்பும் சேர வேண்டும். பதில் சொன்னவருக்கும் அதை வெளியிட்டவருக்கும் பாதுகாப்பு வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடுதலையாகி வந்த பிள்ளை தூங்காமல், யாரிடமும் ஒட்டாமல் இருந்தால், "ஏன்டா இப்படி இருக்கே?" என்று அதட்டாதீர்கள். "எது நடந்திருந்தாலும் நீ எங்க பிள்ளைதான்" என்று சொல்லுங்கள். அவன் வாய் திறக்கக் கொஞ்ச நாள் ஆகலாம். அதுவரை பக்கத்தில் இருங்கள்.