விடிவெள்ளியும் எல்லைக் காவலும்

பெங்களூர் நீலசந்திராவில் மாலை வேளைகளில் மொட்டை மாடியில் காற்று வாங்கும் நம்மவர்கள், வானத்தில் ஏதேனும் பளிச்சிட்டால், “பறக்கும் தட்டோ?” என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அச்சொல்லே பிழையிற் பிறந்ததாகும். 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி, கென்னத் அர்னால்டு என்ற அமெரிக்க விமானி ஒன்பது பொருள்கள் வானில் விரையக் கண்டார். நீர்மேல் எறிந்த தட்டுப் போல் அவை தத்திச் சென்றன என்று அசைவைத்தான் அவர் வருணித்தார். பத்திரிகைகளோ உருவமே தட்டென்று எழுதிவிட்டன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் சிறிது கலக்கம் உண்டாகிறது!

சர்க்கார் கோப்புகளில் காணப்படும் சொல் ‘அடையாளம் தெரியாத பொருள்’ என்பதே. அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய ‘நீலப் புத்தக’ விசாரணையில் 12,618 தகவல்கள் சேர்ந்தன. அவற்றுள் 701 விளங்காமலே நின்றன. விளங்கவில்லை என்பதற்கு வேற்றுலகத்தார் வந்தார்கள் என்பது பொருளன்று.

நம் நாட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் நம் சிப்பாய்கள் ஒளிப்பொருள்களை 329 முறை கண்டு குறித்தனர். அவை எல்லைக் கோட்டை 155 முறை தாண்டியதாகவும் எழுதினர். சீனத்தின் ஆளில்லா உளவு விமானங்களோ என்பது ஐயம். ராடார் கொண்டு தேடியும், கண்ணுக்குத் தெரிந்தது கருவிக்குத் தெரியவில்லை எனப் பத்திரிகைகள் எழுதின. இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. உறைபனியில் கண்விழித்து நிற்பவனுக்கோ சந்தேகிப்பதே கடமை. அந்தச் சந்தேகத்தின் பேரில் ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால், இரு நாடுகளின் நிலை என்னவாகியிருக்கும்?

ராணுவம் அறிந்தவர்களை நாடியது. அவர்கள் இருந்த இடம், நீலசந்திராவிலிருந்து அதிக தூரமில்லாத கோரமங்கலம். அங்குள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனம் பழைய சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் வழித்தோன்றல். இடையே கோடைக்கானலில் நெடுங்காலம் இருந்தது. நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அப்பொருள்களின் அசைவை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி என்று கண்டனர். 2013 ஜூலையில் செய்தி வெளியாயிற்று.

அம்மாதங்களில் வெள்ளி கிழக்கே விடிவெள்ளியாக விளங்கியது. ஊரில் ஏர் பூட்டப் புறப்படுமுன் நம் பாட்டனார் நிமிர்ந்து பார்த்து நேரம் சொன்ன அதே வெள்ளிதான். பதினாலாயிரம் அடி உயரத்து மெல்லிய காற்றில், துப்பாக்கியுடன் நின்றவன் கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்கிறது.